நான் வைக்காமல் விட்ட புள்ளி

அன்று காலை பாவாடை நாடாவைக் கட்டிவிட வசந்தாவைத் தூக்கி நிறுத்தினேன். நிற்கவில்லை. இடது கால் துணிபோல மடங்க, என் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து மறுபடி நிறுத்தினேன். மறுபடியும் உட்கார்ந்தாள். மூன்றாவது முறை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போது அவளுக்கு மூன்று வயது. ஐந்து நாளாகக் காய்ச்சல் அடித்து, முந்தின நாள்தான் உடம்பு குளிர்ந்திருந்தது.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, காய்ச்சலோடு ஒரு காலும் போய்விட்ட வீடுகள் எங்கள் பக்கத்தில் பல உண்டு. இதைப் படிப்பவர்களில் சிலர் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து படிக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் திருச்சுழிக்கும் பரளச்சிக்கும் நடுவே ஒரு கரிசல்காட்டு ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. என் கணவருக்கு அருப்புக்கோட்டையில் பருத்திக் கமிஷன் கடையில் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். ஆகவே காய்ச்சல் நாட்களில் முடிவெடுத்தவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி தங்கராஜ் பந்தல்குடி ரோட்டில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருக்கிறான். நான்தான் அவனைப் படிக்க வைத்து அந்த வேலையில் சேர்த்துவிட்டேன். வசந்தாவுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். தங்கராஜ் மட்டும் மருந்துக் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர் இல்லக்கா. மாத்திரை தாரேன், ஈரத்துணி போட்டு எடு. காலைல அவுக வந்து பாக்கட்டும்."

"மாத்திரை வாங்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்? ஊசியப் போடுறா."

"அவுக இல்லாம நான் போடக் கூடாதுக்கா."

"ஊருக்கெல்லாம் போடுற. ஒன் மருமகளுக்குப் போட மாட்டியா?"

போட்டான். இடது பக்க இடுப்புச் சதையில். அவள் வீறிட்டு அழுததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் ஊரில் ஊசி என்றால்தான் வைத்தியம். ஊசி போடாத டாக்டரிடம் இரண்டாம் தடவை யாரும் போவதில்லை. படித்தவளான நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான்கு நாள் கழித்துக் கால் விழுந்தது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது வசந்தாவைத் தோளில் போட்டிருந்தவன் தங்கராஜ்தான். இளைய டாக்டர் ஒருவர் அவள் முழங்காலில் சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். வலது கால் துள்ளியது. இடது கால் துள்ளவில்லை. "இளம்பிள்ளை வாதம்" (குடல்வழி உள்ளே போகும் ஒரு கிருமி, முதுகுத்தண்டில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைக் கெடுத்துவிடும் நோய்) என்றார். பிறகு கேட்டார்: "காய்ச்சலுக்கு என்ன மருந்து குடுத்தீங்க?"

தங்கராஜ் தரையைப் பார்த்தான். அவன் வேலை போய்விடும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"மாத்திரைதான் டாக்டர்," என்றேன்.

அதற்கப்புறம் அந்தப் பதில் மாறவேயில்லை. என் கணவரிடமும் அதையேதான் சொன்னேன். நானும் தம்பியும் தனியாக இருக்கும்போதுகூட அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசியதில்லை.

இரண்டு ஆண்டுகள் போயின. வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்புமாகக் காலில் கொஞ்சம் உயிர் திரும்பியது. விரல்கள் அசைந்தன. ஆனால் ஆஸ்பத்திரியில் சொன்ன நீட்டல் பயிற்சியை அவள் அழுகிறாள் என்று நான் விட்டுவிட்டேன். அவள் தவழ்ந்தே வீட்டைச் சுற்றினாள். முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போனது. இதைத் தசைச் சுருக்கம் (நீட்டாமல் விட்ட தசையும் நாணும் குறுகி மூட்டைப் பிடித்துக்கொள்வது) என்பார்கள். உங்கள் பிள்ளை அழுதாலும் பயிற்சியை விடாதீர்கள். அழுகை அன்றைக்கே முடிந்துவிடும்.

ஐந்து வயதானதும் அவளைப் பள்ளியில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. பக்கத்து வீட்டு முனியம்மாளிடம் விட்டுவிட்டு, மற்றவர் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுக்கப் போனேன்.

மழை சரியாகப் பெய்யாமல் கொத்தமல்லிச் செடி சாண் உயரத்திலேயே காய்ந்த வருடம் அது. ஒரு நாள் முதல் பஸ்ஸில் கறுப்புக் குடையும் துணிப்பையுமாக ஓர் அம்மாள் வந்து இறங்கினார். பெயர் டாக்டர் சுலோசனா. முப்பத்தைந்து வயது இருக்கும். வைத்தியம் படித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் உட்காராமல் பொதுச் சுகாதார ஆய்வுக்கு (நோய் யாருக்கு, எங்கே, எதனால் வருகிறது என்று ஊர் ஊராகப் போய் அறிவது) வந்தவர். அதற்கு முன் தொழுநோய் கண்டவர்களின் குடியிருப்புகளிலும் கண் தெரியாதவர்களிடையிலும் வேலை பார்த்தாராம். எங்கள் பக்கத்துக்குக் கால் ஊனமான பிள்ளைகளைத் தேடி வந்திருந்தார்.

தலைமையாசிரியர் பெருமையாகச் சொன்னார்: "எங்க பள்ளிக்கூடத்துல நொண்டிப் பிள்ளை ஒண்ணுகூடக் கிடையாது டாக்டர்."

"அதுதான் சார் எனக்குக் கவலை," என்றார் அவர்.

எந்தப் பிள்ளையையும் தனியே கூப்பிட்டுக் காலைப் பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை வாசலில் வைக்கச் சொன்னார். எல்லாரும் வரிசையாகக் காலை நனைத்துக்கொண்டு வகுப்பின் சிமென்ட் தரையில் நடக்க வேண்டும். முதலில் நடந்தவர் அவரே.

"பாருங்க, டாக்டர் காலு தோசைக்கல்லு. நடுவுல குழிவே இல்ல. எனக்கும் கால்ல ஒரு குறை இருக்கு."

வகுப்பே சிரித்தது. அதன்பின் பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியவில்லை.

"ஏலே மாரி, ஒன் காலு என்னலே வாத்து மாதிரி விரிஞ்சு கெடக்கு?"

"மொதல்ல ஒன் தடத்தப் பாருலே. குதிகாலே காணோம். களவாங்கப் போறவன் மாதிரி நடந்திருக்க."

அந்தக் குதிகால் படாத தடத்தை டாக்டர் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். அந்தப் பையனின் கெண்டைக்கால் லேசாகச் சூம்பியிருந்ததை மூன்று வருடம் பாடம் நடத்திய நான் கவனித்ததில்லை.

பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டார்: "ஒங்க வீட்ல, பக்கத்து வீட்ல, பள்ளிக்கூடம் வராத பிள்ளைக யாரெல்லாம்?"

கைகள் உயர்ந்தன. மாடு மேய்ப்பவர்கள், தம்பியைப் பார்த்துக்கொள்பவர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர்களில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "டீச்சர் மக வசந்தா. அவ உக்காந்தேதான் இருப்பா."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரும் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கேட்டார். அந்த ஒரு கணத்தில்தான் அவர்மேல் எனக்கு மரியாதை பிறந்தது என்று நினைக்கிறேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன். வேண்டாம் என்று வசந்தாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். "ஒங் கால நான் தொட்டுப் பாக்கட்டுமா?" என்று அவளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "அம்மாகிட்டக் கேக்கல. காலு ஒன்னுதுதானே?" வசந்தா யோசித்துவிட்டு, வலது காலை நீட்டினாள். டாக்டர் அதை முழுதாகப் பார்த்து, "இது ரொம்ப நல்லாருக்கு" என்றார். அப்புறம் அவளாகவே இடது காலைக் கையால் தூக்கி முன்னே வைத்தாள்.

முழங்கால் இன்னும் நிமிரும், மாவுக்கட்டுப் போட்டுச் சிறிது சிறிதாக நிமிர்த்தலாம், பிறகு காலிப்பர் (தொடையிலிருந்து பாதம்வரை காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) மாட்டி நடக்க வைக்கலாம் என்றார். கடைசியில் ஒரு தாளை எடுத்தார். அதில் ஒரு பிள்ளையின் உருவம் முன்பக்கமும் பின்பக்கமுமாகக் கோடாக வரையப்பட்டிருந்தது. பலமிழந்த உறுப்பைப் பென்சிலால் நிழலிட வேண்டும். இடது காலை நிழலிட்டார்.

"கால் விழுறதுக்கு முன்னால, அந்தக் காய்ச்சல்ல ஊசி ஏதாவது போட்டீங்களா டீச்சர்?"

"இல்லை."

"இல்லை" என்று எழுதினார்.

போகும்போது ஓர் உதவி கேட்டார். "நான் போய்க் கேட்டா ஆஸ்பத்திரிக்காரின்னு பயப்படுறாக. நீங்க கேட்டா மனசு விட்டுச் சொல்லுவாக. லீவு நாள்ல என்கூட வாரீங்களா?"

மறுக்க முடியவில்லை. மூன்று மாதம் அவரோடு கரிசல் பாதைகளில் நடந்தேன். வேலை முறையை அவர் கண்டிப்பாகக் கற்றுக்கொடுத்தார். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி, ஒரே வார்த்தையில். காரணம் சொல்லக் கூடாது, பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. இடதா வலதா என்று வாயால் கேட்காமல், தாயின் உடம்பிலேயே தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தில் தாளில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். காய்ச்சல் கண்டும் கால் நன்றாயிருக்கும் பிள்ளைகளின் வீடுகளிலும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். "அங்க எதுக்கு டாக்டர்?" என்றேன். "அதெல்லாம் கடைசில சொல்றேன்," என்றார்.

காரணத்தை அவர் சொல்லவில்லை. தாள்கள் சொல்லத் தொடங்கின. ஒரு வீட்டில் வலது காலை நிழலிட்டேன். தாய் தன் வலது இடுப்பைத் தொட்டாள், புள்ளி வைத்தேன். அடுத்த ஊரில் இடது கால், இடது இடுப்பு. எல்லாத் தாளிலும் அப்படி இல்லை. ஊசியே போடாத பிள்ளைக்கும் கால் விழுந்திருந்தது. ஊசி போட்டும் ஓடித்திரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் நிழலும் புள்ளியும் ஒரே பக்கத்தில் விழும்போதெல்லாம் அந்தத் தாளை அவசரமாக மற்றவற்றுக்கு அடியில் செருகினேன். நிழல் இருந்தும், இருக்க வேண்டிய புள்ளி இல்லாத ஒரு தாள் அந்தத் தாள்கட்டின் அடியில் எங்கோ கிடப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் பேச்சி என்ற பெண். மிளகாய்ப் பழம் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவள் மகனுக்கு இரண்டு கால்களும் போயிருந்தன. எல்லாக் கேள்விக்கும் தடையின்றிச் சொன்னாள். இரண்டு இடுப்பையும் மாற்றி மாற்றித் தொட்டுக் காட்டினாள். "ஒரு நாளு இந்தப் பக்கம், மறுநாளு இந்தப் பக்கம். நாந்தேன் மன்றாடிப் போடச் சொன்னேன் டீச்சர். அந்தக் கம்பவுண்டரு வேணாம்னுதான் சொன்னாப்ல. நல்ல மனுசன்."

எந்தக் கம்பவுண்டர் என்று கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்தது. பந்தல்குடி ரோடு என்று அவளே சொல்லிவிட்டாள்.

பென்சிலை எடுத்து இரண்டு புள்ளிகளையும் வைத்தேன். அப்போது அவள் மிளகாயைக் கிளறியபடியே கேட்டாள்:

"ஒங்க பிள்ளைக்கும் காலு விழுந்துருச்சாமே. அவளுக்கு எந்தப் பக்கம் போட்டாக?"

'போட்டார்களா' என்று அவள் கேட்கவில்லை. காய்ச்சல் என்றால் ஊசி போட்டிருப்பார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மிளகாய் நெடி என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். தெருவில் இறங்கியதும் ஒரு வீட்டு வாசலில் இன்னொரு பெண் காய்ச்சல்காரக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "எங்கே கிளம்பிட்ட?" என்று யாரோ கேட்க, "ஊசி போடத்தேன்" என்றாள். அவள் ஏறப்போகும் பஸ் எது என்பது எனக்குத் தெரியும்.

பாதையோரப் புளியமரத்தடியில் டாக்டர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"என் மக தாள்ல தப்பு இருக்கு டாக்டர். ஊசி போட்டோம். நான்தான் போடச் சொன்னேன். போட்டவன் என் தம்பி. இப்ப ஒருத்தி பிள்ளையத் தூக்கிட்டு அவன்கிட்டத்தான் போறா."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து விறுவிறுவென்று அந்தப் பெண்ணிடம் போனார். குழந்தையின் நெற்றியைத் தொட்டு, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, பையிலிருந்து மாத்திரை கொடுத்து, ஈரத்துணி போடும் முறையைச் செய்து காட்டி, ஊசி இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகுதான் தாள்கட்டிலிருந்து வசந்தாவின் தாளை எடுத்தார். படிவத்தில் உள்ள அதே வார்த்தைகளில், முதல்முறை கேட்பவர்போலக் கேட்டார்:

"ஊசி போட்ட இடத்தைத் தொட்டுக் காட்டுங்கம்மா."

என் இடது இடுப்பைத் தொட்டேன். பென்சிலை என்னிடமே கொடுத்தார். புள்ளியை நான் வைத்தேன்.

"என்னாலதான் வந்துச்சா டாக்டர்?"

அவர் அவசரப்படவில்லை. "ஊசி வாதத்தைக் கொண்டுவராது டீச்சர். கிருமி ஏற்கெனவே ஒடம்புக்குள்ள இருந்திருக்கு. அது இருக்கிற நேரத்துல சதைல குத்தினா, குத்தின காலைப் பிடிக்கிற வாய்ப்புக் கூடுதுன்னு வெளிநாட்ல பாத்திருக்காக. நம்ம ஊர்ல எப்படின்னுதான் நான் தேடுறேன். எல்லாப் பிள்ளைகளையும் சேத்துப் பாத்தா ஏதாவது சொல்லலாம். ஒங்க ஒரு பிள்ளையப் பத்தி மட்டும் கேட்டா, தெரியாது. ஊசி இல்லாமலும் விழுந்திருக்கலாம். இத யாராலயும் எப்பவும் சொல்ல முடியாது."

வசந்தாவின் தாளைத் திருப்பி வைத்தபடி, "தெரியாததத் தெரியும்னு சொல்லி ஒங்கள ஆறுதல்படுத்த மாட்டேன்," என்றார்.

அன்றைக்கு அது கொடுமையாகப் பட்டது. பிறகு பல பேர் சொன்ன ஆறுதல்கள் மறந்துவிட்டன. இந்தச் சொல்தான் கூடவே இருக்கிறது.

மறுநாள் நானே தம்பியிடம் போனேன். டாக்டர் தானும் கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். நான் சொல்லி முடிக்கும்வரை தங்கராஜ் கொதிக்கிற ஊசிப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீதானக்கா போடச் சொன்ன."

"ஆமா. நான்தான்."

"ரெண்டு வருசமா அத வாயத் திறந்து சொல்லுவேன்னு பாத்தேன்," என்றான். அடுப்பை அணைத்தான். ஆறு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆனால் அதன்பின் டாக்டர் இல்லாத வேளையில் காய்ச்சல் பிள்ளைக்கு அவன் ஊசியைத் தொட்டதில்லை. "ஊசி போட மாட்டான்னா கம்பவுண்டரு எதுக்கு, திருநீறு போட்டு விடவா?" என்று வாசலிலேயே ஏசிவிட்டுப் போன பெண்களும் உண்டு. முதலாளி டாக்டர் முணுமுணுத்தார். சுலோசனா டாக்டர் இரண்டு முறை போய் அவரிடம் பொறுமையாகப் பேசியிருக்கிறார். தங்கராஜ் இப்போது வீட்டுக்கு வருகிறான். வசந்தாவுக்குக் காராச்சேவு வாங்கி வருவான், கதை சொல்வான். அவள் இடது காலை மட்டும் பார்க்க மாட்டான்.

அந்தக் கோடையில் மதுரையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். வாரம் ஒருமுறை அந்த மாவுக்கட்டைக் கீறி, கீறலில் ஆப்பு வைத்து முழங்காலைச் சிறிது சிறிதாக நிமிர்த்தினார்கள். வலித்தது. இம்முறை நான் எழுந்து வெளியே போகவில்லை. கால் நேரானபின் காலிப்பரும் அதோடு சேர்ந்த பூட்ஸும் வந்தன. பள்ளிக்கூடம் திறந்த அன்று டாக்டர் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். படிக்கட்டு உயரம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிச் சொல்லி, பக்கத்தில் மண் கொட்டிச் சரிவு ஒன்றைப் போட வைத்திருந்தார். வசந்தா அதில் ஏற நெடுநேரம் ஆனது. யாரும் தூக்கிவிடக் கூடாது என்று டாக்டர் சைகை காட்டினார். அவள் ஏறியபின் பேச்சியின் மகனைத் தேடி அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. அந்தப் பையனை மூன்று சக்கரப் பலகையில் உட்கார வைத்துப் பள்ளிக்கு வரச் செய்ய அவருக்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

இந்த நோய் வராமல் தடுக்கும் சொட்டு மருந்து இருக்கிறது. டவுனில் இப்போது கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கே என்று விசாரித்துப் போய்க் கொடுங்கள். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி கேட்டு மன்றாடாதீர்கள். கால் விழுந்துவிட்டால் ஒளித்து வைக்காதீர்கள். யாராவது தாளோடு வந்து கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

எனக்கு இப்போது காலம் வேறு விதமாகப் போகிறது. காலிப்பர்க் கம்பியில் நீளத்தைக் கூட்ட வரிசையாகத் துளைகள் உண்டு. பிள்ளை வளர வளரத் திருகாணியை அடுத்த துளைக்கு மாற்ற வேண்டும். மூன்று துளைகள் முடிந்துவிட்டன. வசந்தாவின் வயதைக் கேட்டால் அந்தத் துளைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. என் உடம்பும் எனக்குப் புதிதாகத் தெரிகிறது. கரும்பலகைப் பக்கம் நடக்கும்போது இடது காலை நானாக ஊன்றுவதை உணர்கிறேன். முன்பெல்லாம் கால் தானாக நடந்தது.

குளித்துவிட்டு வரும்போது அவளிடம் காலிப்பர் இருக்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது தொடையைக் கையால் அழுத்தியபடி முற்றத்திலிருந்து அறைக்குப் பத்தடி நடப்பாள். சிமென்ட் தரையில் ஈரத் தடம் விழும். வலது பாதம் முழுதாக. இடது பாதம் விரல்கள் மட்டும், ஐந்து சின்ன ஈரப் பொட்டுகள்.

"என்னம்மா தரையையே பாத்துக்கிட்டு நிக்கிற? தொடைக்கணுமா?" என்பாள் உள்ளேயிருந்து.

"வேணாம். தானா காஞ்சிரும்."

எங்கள் ஊர் வெயிலுக்கு அதிக நேரம் ஆகாது. சிறியது என்பதால் இடது தடம்தான் முதலில் உலரும். வலது தடமும் உலரும்வரை நின்றுவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன்.